பிக்கப் போன டர்போ டீசல்: ஸ்கேனரா, சோப்புத் தண்ணீரா, புது டர்போவா?

ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் திரும்பி ஆக்ஸிலேட்டரை மிதித்தால், பழைய ஸ்விஃப்ட் டீசல் சற்று யோசித்துவிட்டுத்தான் ஏறும். இதற்காகவே ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்பவர்கள் உண்டு. அது கோளாறே இல்லை, அந்த இன்ஜினின் பிறவிக் குணம். 1248 சிசி, 75 குதிரைத்திறன். 190 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை) முழுசாகக் கிடைப்பது 2000 ஆர்பிஎம்மில். அதற்கு ரொம்பக் கீழே போய்விட்டால் டர்போவை, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறியை, சுழற்றும் அளவுக்கு எக்ஸாஸ்ட் புகையில் விசை இருக்காது. கியரை இறக்குவதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது.

கோளாறா இல்லையா என்பதை நாலுவழிச் சாலையில்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது கியர், 2500 ஆர்பிஎம், முழு ஆக்ஸிலேட்டர். அந்த நேரத்தில் வண்டி முதுகைத் தள்ள வேண்டும். தள்ளாமல் திக்கினாலோ, யாரோ பின்னாலிருந்து பிடித்து வைத்திருப்பதுபோல் நின்றாலோ தேட ஆரம்பிக்கலாம்.

2007இல் ஸ்விஃப்டில் வந்த இந்த ஃபியட் 1.3 மல்டிஜெட்தான் டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ, லீனியா என்று பல பெயர்களில் ஓடியது. அதனால் இங்கே சொல்வது பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும். தேடுவதற்கு மூன்று வழிகளைச் சொல்வார்கள்: ஸ்கேனர் (இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) போடுவது, கையாலும் கண்ணாலும் கசிவு தேடுவது, சந்தேகப்பட்ட பார்ட்டை மாற்றிப் பார்ப்பது. மூன்றுக்கும் இடம் உண்டு. வரிசை மாறினால்தான் பர்ஸ் காலி.

எந்த வழியில் இறங்குவதற்கும் முன்னால் புகையைப் பாருங்கள், இதற்குச் செலவே கிடையாது. இரவில் ஒரு நண்பரைப் பின்னால் இன்னொரு வண்டியில் வரச் சொல்லி, முழு ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். அவர் ஹெட்லைட் வெளிச்சத்தில் கரும்புகை திரண்டு தெரிந்தால் டீசல் போகிறது, காற்று போதவில்லை. புகையே இல்லாமல் வண்டி மந்தமாக இருந்தால் டீசல் போதவில்லை, அல்லது கம்ப்யூட்டரே டீசலைக் குறைத்துக் கொடுக்கிறது. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாலே சந்தேகப் பட்டியல் பாதியாகிவிடும்.

கரும்புகை என்றால் நான் ஸ்கேனரைத் தொடவே மாட்டேன், முதலில் ஹோஸ்தான். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்), அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் குழாய்கள் பத்து வருடச் சூட்டில் விறைத்துப் போயிருக்கும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரலை அடிப்பக்கம் விட்டு க்ளாம்ப் ஓரமாகத் தடவ வேண்டும். ஈரமான ஆயிலில் புழுதி அப்பிய ஒரு கோடு தட்டுப்படும். அதை மடக்கினால் வெடிப்பு வாய் திறக்கும். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் சும்மா ஓடும்போது, அது மூடியே கிடக்கும், லோடு வந்து அழுத்தம் ஏறும்போதுதான் பிளந்து காற்றை விடும். அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி ரெய்ஸ் பண்ணிப் பார்த்துவிட்டு ‘எல்லாம் நல்லா இருக்கு சார்’ என்று அனுப்பிவிடுகிறார்கள்.

இதை உறுதி செய்ய அழுத்தச் சோதனை இருக்கிறது. இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயைக் கழற்றி, டியூப் வால்வு பொருத்திய ஒரு மூடியால் டர்போ வாயை அடைக்க வேண்டும். ப்ரீதர் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும்) குழாயையும் அடைத்துவிட்டு, மெதுவாகப் பத்து பிஎஸ்ஐ வரை காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் பஞ்சர் பார்ப்பது போலவே குமிழி காட்டிக்கொடுத்துவிடும். ஹோஸ்கள் சுத்தம், ஆனாலும் கரும்புகை, அதுவும் குறைந்த ஆர்பிஎம்மில்தான் திக்கல் அதிகம் என்றால் ஈஜிஆர் வால்வு (எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புவது) கரி பிடித்துத் திறந்தபடி நிற்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். சுத்தம் செய்யுங்கள். தகடு வைத்து அடைத்துவிடச் சொல்லும் யோசனை வரும், அதை நான் ஏற்கமாட்டேன். வெளியே போகும் நச்சு கூடும்.

புகையே இல்லாத மந்தத்துக்கு ஸ்கேனர்தான் ராஜா. ஆனால் அது காட்டும் பிழைக் குறியீட்டைப் படிப்பதற்காக அல்ல. பி0299 என்று வந்தால் ‘பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) குறைவு’ என்றுதான் பொருள், ‘டர்போ செத்துவிட்டது’ என்றல்ல. கிழிந்த ஹோஸும் அதே குறியீட்டைத்தான் போடும். ஸ்கேனரின் உண்மையான பலம் ஓட்டும்போது காட்டும் லைவ் டேட்டா. அதற்கு முன்னால் சாவியைப் போட்டு, ஸ்டார்ட் பண்ணாமல் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று நுழையும் குழாய்) அழுத்தத்தைப் பாருங்கள். சென்னையில் சுமார் 100 கிலோபாஸ்கல், ஊட்டியில் 77 பக்கம் காட்ட வேண்டும். அதுவே தப்பாக இருந்தால் சென்சார் பொய் சொல்கிறது. பிறகு பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து மூன்றாவது கியரில் 1500லிருந்து 3500 வரை இழுத்துப் பாருங்கள். காற்றழுத்தம் நன்றாக ஏறி, டீசல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயில்) அழுத்தம் மட்டும் கேட்ட அளவுக்கு வராமல் சரிந்தால் டீசல் பக்கம்தான் பிரச்சினை. இரண்டும் ஒழுங்காக இருந்து ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே வரும் காற்றை அளப்பது) கணக்கு மட்டும் குறைந்தால் சென்சார் அழுக்கு.

ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் ஓபிடி (வண்டியே தன் கோளாறைப் பதிந்து ஸ்கேனருக்குச் சொல்லும் வசதி) கட்டாயமானதே 2010 ஏப்ரலில், பிஎஸ்4 என்ற புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு. இரண்டாம் கட்டம் 2013இல். அதற்கு முந்தைய வண்டியில் இணையத்தில் வாங்கிய மலிவு ப்ளூடூத் அடாப்டர் பேசாமலே இருக்கலாம். அந்த இன்ஜினின் மொழி தெரிந்த ஒர்க்‌ஷாப் ஸ்கேனர் தேவைப்படும்.

மாற்றிப் பார்க்கும் வழியைக் கேவலமாகப் பேசுவார்கள். டீசல் ஃபில்டர் விஷயத்தில் அதுதான் சரி. எப்போது மாற்றியது என்று தெரியாத பழைய வண்டியில் சோதனையெல்லாம் எதற்கு? மாற்றிவிட வேண்டியதுதான், பழையதில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். ஏர்ஃப்ளோ சென்சாருக்கு ஒரு ஓசி வழி உண்டு: கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். எச்சரிக்கை விளக்கு எரியலாம், ஆனால் வண்டி முன்பைவிட நன்றாகப் போனால் குற்றவாளி சிக்கிவிட்டான். அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயால் கழுவிப் பார்த்த பிறகு புதிது வாங்கலாம்.

டர்போவை மாற்றிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். சைரன் மாதிரி ஊளை, நீலப்புகை, ஆயில் குறைவது, இவை இல்லாமல் அதைத் தொடக் கூடாது. இன்ஜின் ஆறிய பிறகு காற்றுக் குழாயைக் கழற்றி டர்போவின் உள்ளே தெரியும் சக்கரத்தை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் தெரிந்தாலோ முடிந்தது. அப்போதும் டர்போவுக்கு ஆயில் வரும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் புதிதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸில் வந்த 90 குதிரைத்திறன் இன்ஜினில் டர்போவுக்குள் அசையும் இறக்கைகள் உண்டு. மேடு ஏறும்போது திடீரென்று பவர் செத்து, சாவியை அணைத்துப் போட்டதும் சரியானால் அவை கரியில் சிக்குகின்றனவா, வேக்யூம் குழாய் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்கும் முன்னால் நாலாவது கியரில் ஐம்பதில் போகும்போது ஒருமுறை முழுசாக மிதித்துப் பாருங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி வேகம் கூடவில்லை என்றால் டர்போ நன்றாகவே வேலை செய்கிறது. தேய்ந்த கிளட்ச்தான் அதன் டார்க்கைத் தாங்காமல் வழுக்குகிறது.