வாடகைக்கும் சம்பளத்துக்கும் பணம் தருகிறார்களா? மாற்றுப்பாலினக் குழுக்களுக்கான மானியங்கள், டர்பனிலிருந்து பார்க்கையில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலோ பீனிக்ஸிலோ ஐந்தாறு திருநங்கைகளும் திருநம்பிகளும் சேர்ந்து ஒரு குழு தொடங்கினால் முதல் மாதமே தேவைப்படுவது அறை வாடகை, டாக்ஸிக் கட்டணம், டேட்டா, ஒருவருக்காவது சம்பளம். இதற்குத்தான் பணம் கிடைப்பது அரிது. பயிலரங்கு நடத்தப் பணம் தரும் அறக்கட்டளை, அது நடக்கும் அறைக்கு வாடகை தர யோசிக்கிறது. அதனால் எந்த மானியத்தையும் முதலில் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோட வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முன்னால் நிற்பது 2016-ல் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் டிரான்ஸ் ஃபண்ட். மாற்றுப்பாலினத்தவரே தலைமையேற்று நடத்தும் குழுக்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்பதைப் பல நாடுகளைச் சேர்ந்த மாற்றுப்பாலினச் செயற்பாட்டாளர்கள் உட்கார்ந்து முடிவுசெய்கிறார்கள். இதன் பலன் விண்ணப்பத்திலேயே தெரியும். ஹார்மோன் வாங்கக் கூட்டாகப் பயணம் போவது ஏன், வீட்டை விட்டு விரட்டப்பட்டவருக்கு இரண்டு வாரம் தங்க இடம் ஏன் என்று பாடம் நடத்த வேண்டியதில்லை. படிப்பவருக்கு அது தெரியும். குறையும் உண்டு. உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பங்கள் வருவதால் தகுதியான குழுவுக்கும் 'இல்லை' என்ற பதில் வரலாம். இதை மட்டும் நம்பி வாடகை ஒப்பந்தம் போட வேண்டாம்.

ஜோஹன்னஸ்பர்க்கில் இயங்கும் தி அதர் ஃபவுண்டேஷன் நமக்குப் பக்கம். தென்பகுதி ஆப்பிரிக்க நாடுகளுக்கானது, விண்ணப்பங்களைச் சமூகத்தைச் சேர்ந்தவர்களும் பரிசீலிக்கும் முறை கொண்டது. உள்ளூர் சட்டமும் நம் நாணயமான ராண்டின் மதிப்பும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அங்கே ஒருபால் ஈர்ப்புள்ளோரின் குழுக்களும் அதே வரிசையில் நிற்கும். உங்கள் வேலை எந்த விதத்தில் வேறு என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

எச்.ஐ.வி. திட்டங்கள் வழியாக வரும் வெளிநாட்டு அரசுப் பணம் தொகையில் பெரியது, ஆனால் ஒரே கையெழுத்தில் நின்றுவிடக்கூடியது. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, அந்தப் பணத்தில் ஓடிய மாற்றுப்பாலின மருத்துவ மையங்கள் இங்கே மூடப்பட்டன. ஹார்மோன் சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் தெருவில் நின்றார்கள். அந்தப் பணம் வந்தால் வாங்குங்கள். ஆனால் சம்பளத்தை அதிலிருந்து கொடுக்காதீர்கள்.

மானியம் கிடைத்துவிட்டது என்ற கடிதத்துக்கும் பணம் கணக்கில் ஏறும் நாளுக்கும் இடையில்தான் சிறு குழுக்கள் உடைகின்றன. வெளிநாட்டுப் பணம் வந்தால், எதற்காக வந்தது என்ற அந்நியச் செலாவணிப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கும்வரை வங்கி விடுவிக்காது. மானிய ஒப்பந்தத்தின் நகலை முன்கூட்டியே கிளையில் கொடுத்துவைத்தால் நாட்கள் மிச்சம். பதிவு பெறாத குழு என்றால், பதிவு பெற்ற வேறோர் அமைப்பின் கணக்கு வழியாக வாங்கலாம். அவர்கள் பொதுவாக 5 முதல் 15 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பிடித்தத்தை பட்ஜெட்டில் தனி வரியாகக் காட்டாவிட்டால் அது டாக்ஸிப் பணத்திலிருந்து போகும். டாலர் கணக்கும் அப்படியே. 10,000 டாலரை 18 ராண்ட் வீதம் 1,80,000 என்று எழுதி, வரும்போது 17 ஆகியிருந்தால் 10,000 ராண்ட் காணாமல் போகும். இன்றைய விலையிலிருந்து ஒரு ராண்டாவது குறைத்தே போடுங்கள்.

மற்றக் குழுக்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் வங்கிக் கணக்கின் கையெழுத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்க அடையாள எண் 13 இலக்கம். பிறந்த தேதிக்கு அடுத்த நான்கு இலக்கங்கள் 0000 முதல் 4999 வரை என்றால் பெண், 5000 முதல் 9999 வரை என்றால் ஆண். ஆகவே பாலினப் பதிவை மாற்றினால் எண்ணே மாறும். எண் மாறினால் வங்கிக்கு அவர் புது ஆள். மானியக் காலத்தின் நடுவில் பொருளாளருக்கு இது நடந்தால் கணக்கு முடங்கிப்போகும். மூன்று பேரைக் கையொப்பதாரராகப் போட்டு, எந்த இருவர் கையெழுத்திட்டாலும் போதும் என்று எழுதிவையுங்கள். பெயர் மாற்றமும் பாலினப் பதிவு மாற்றமும் வேறு வேறு சட்டத்தின் கீழ் வருபவை. இரண்டையும் ஒன்றாகவே விண்ணப்பித்தால் வங்கிக்கு ஒருமுறை போனால் போதும்.

பாலினப் பதிவுக்கு 2003-ஆம் ஆண்டின் 49-ஆம் எண் சட்டம். சிகிச்சை அளித்த மருத்துவரின் அறிக்கையோடு, பரிசோதித்த இன்னொரு மருத்துவரின் அறிக்கையும் வேண்டும். ஹார்மோன் சிகிச்சையே போதும், அறுவைச் சிகிச்சை கட்டாயமில்லை. உள்துறை அலுவலகக் கவுண்டரில் அறுவைச் சிகிச்சைச் சான்று கேட்டால் சட்டத்தின் நகலைக் காட்டுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். 14 நாளுக்குள் அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதன்பின் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இந்த அலைச்சலுக்கான பயணச் செலவு, மருத்துவ அறிக்கைக் கட்டணம், புதிய அடையாள அட்டைக் கட்டணம் மூன்றையும் 'ஆவண உதவி' என்ற ஒரே தலைப்பில் கேளுங்கள். எத்தனை பேர் அட்டை பெற்றார்கள் என்று எண்ணிக் காட்டலாம் என்பதால் நிதியளிப்போர் இதை எளிதில் ஏற்கிறார்கள்.

எண்ணிக் காட்ட முடியாததையும் கேளுங்கள். வீட்டாரிடம் பேசிப் புரியவைக்கும் குடும்பச் சந்திப்பு ஓர் உதாரணம். டர்பன் தமிழ் வீடுகளில் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள், ஆனால் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் சொன்னால் அது ஏதோ வெளியூர் நோய் போல ஆகிவிடுகிறது. திருநங்கை, திருநம்பி என்ற சொற்களில் மரியாதை இருக்கிறது. 2008-லேயே தமிழ்நாடு அரசு திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்தது என்று எடுத்துக்காட்டவும் முடிகிறது. தமிழ் தெரிந்த ஒருவருக்கு மாதம் இரண்டு சந்திப்புக்கான சம்பளமும் தேநீர்ச் செலவும் சிறிய தொகைதான். ஒரு பிள்ளை வீட்டிலேயே தங்க முடிந்தால் தங்குமிடச் செலவு மிச்சம் என்று விண்ணப்பத்தில் நேராக எழுதுங்கள்.

லாப நோக்கற்ற அமைப்பாகச் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் செயல் அறிக்கையும் கணக்கறிக்கையும் கொடுத்தாக வேண்டும். தவறினால் பதிவு ரத்தாகலாம். அடுத்த மானியத்துக்குப் பதிவுச் சான்று கேட்கும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது. கணக்காளருக்கான தொகையை முதல் தவணையிலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.