வால்வு ஆம்ப்ளிஃபயரின் உள்வயரிங்கை மாற்றியமைத்து மூன்று ஆண்டுகள்

சிக்னலைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்களான வால்வுகளில், ஸ்பீக்கரை இயக்கும் ஈஎல்84 இரண்டும், அதற்கு முன் சிக்னலைப் பெருக்கும் ஈசிசி83 ஒன்றும் கொண்டு நானே கட்டிய ஆம்ப்ளிஃபயரின் உள்வயரிங்கை மாற்றியமைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பாட்டு ஓய்ந்த இடைவெளிகளில் ஸ்பீக்கரிலிருந்து எழுந்த ஊங்காரமே அந்தப் பெட்டியைத் திறக்க வைத்தது.

முதலில் செய்ததை நினைத்தால் இன்று சற்றுக் கூச்சமாக இருக்கிறது. பழைய பிவிசி வயர்களை எடுத்துவிட்டு, அவை சென்ற அதே வழியில், வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பிக்கு டெஃப்லான் உறையிட்ட வயரை இடது சேனலில் மட்டும் போட்டேன். மோனோவில் பதிவான பழைய கச்சேரிகளை இரண்டு வாரம் இரு பக்கமும் மாற்றி மாற்றிக் கேட்டும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை, ஊங்காரமும் குறையவில்லை.

பிறகுதான் வயரை விட்டுவிட்டு அது போகும் பாதையைப் பார்த்தேன். மூன்று வால்வுகளையும் உள்ளிருந்து சூடாக்கும் ஹீட்டர் இழைகளுக்குச் சேர்த்து 6.3 வோல்ட்டில் 1.82 ஆம்பியர் ஏசி ஓடுகிறது. அதைச் சுமக்கும் இரு வயர்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, ஈசிசி83இன் கிரிட்டுக்கு, அதாவது சிக்னல் நுழையும் முனைக்கு, வரும் வயரை ஒட்டியே சென்றிருந்தன. அவற்றை இறுக முறுக்கி, எல்லாவற்றையும் தாங்கும் உலோகப் பெட்டியான சேசிஸின் மூலையோடு கொண்டுசென்று, இரு முனைகளிலிருந்தும் எர்த்துக்கு 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று போட்டதும் 50 ஹெர்ட்ஸ் ஊங்காரம் பெரும்பாலும் அடங்கியது. அதற்கடியில் மறைந்திருந்த கரகரப்பான 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அப்போதுதான் காதில் பட்டது. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயரை அடுத்த முதல் கெப்பாசிட்டரை நிரப்பும் மின்னோட்டம் துடிப்புத் துடிப்பாகப் பாய்வது. எர்த்தை நான் சேசிஸில் மூன்று இடங்களில் திருகியிருந்ததால், அத்துடிப்பு இன்புட்டின் எர்த் வழியாகவும் போய்வந்தது. அக்கெப்பாசிட்டரின் நெகட்டிவை டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனைக்கு நேராகக் கொண்டுசென்று, சிக்னல் எர்த்துகளை ஒரே புள்ளியில் சேர்த்து, அப்புள்ளியை இன்புட் சாக்கெட் அருகே மட்டும் சேசிஸுடன் இணைத்தேன். வீட்டு மின்சாரத்தின் எர்த் வயர் தனிப் போல்ட்டில் சேசிஸோடு இருந்தபடியே இருக்கிறது. அதைக் கழற்றி ஊங்காரத்தைக் குறைப்பது உயிரோடு விளையாடுவது. இன்புட்டை ஷார்ட் செய்து ஸ்பீக்கர் முனைகளில் அளந்தபோது, 6 மில்லிவோல்ட்டாக இருந்தது 1 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது.

டெஃப்லானில் எனக்குப் பிடித்தது, சால்டரிங் அயர்ன் பட்டாலும் உறை சுருங்காதது. ஆனால் இடைவிடாத அழுத்தத்தில் அது மெல்ல மெல்ல நசுங்கி விலகும் என்பதை இரண்டாம் ஆண்டில், ஃபியூஸ் போனபோது அறிந்தேன். 290 வோல்ட் செல்லும் வயர் சேசிஸ் துளையின் கூர்விளிம்பில் அழுந்தி, உறை அறுபட்டுக் கம்பி தெரிந்தது. இப்போது எல்லாத் துளைகளிலும் ரப்பர் வளையம் உண்டு. அன்று கையை உள்ளே விடுமுன், கெப்பாசிட்டர்களில் தங்கிய மின்சாரம் 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே வடிவதற்கு இரண்டு நிமிடம் காத்திருந்து, மீட்டரை வைத்துப் பார்த்த பின்பே தொட்டேன்.

வலது சேனலில் இன்னும் அந்தப் பழைய பிவிசி வயரே, பாதை மட்டும் மாறி, ஓடிக்கொண்டிருக்கிறது. ஈஎல்84இன் அடியில் சூட்டில் சற்று விறைத்திருப்பதைத் தவிர அதில் குறை ஒன்றும் காணவில்லை.