பர்கண்டி திராட்சைத் தோட்டங்களில் நான்கு சைக்கிள் பயணங்கள்

2016 செப்டம்பரில் முதல் முறை, 2024 அக்டோபரில் நான்காவது முறை. பிரான்சின் பர்கண்டி பகுதியில், போன் நகரிலிருந்து தெற்கே சாந்த்னே வரை திராட்சைத் தோட்டங்களின் நடுவே போகிறது ‘வுவா தே வீஞ்’ பாதை. அதில் ஒவ்வொரு முறையும் வழிகாட்டியுடன்தான் சைக்கிள் ஓட்டினேன். தூரம் ஏறக்குறைய 22 கிலோமீட்டர். வழியெங்கும் பலகைகள் உண்டு. அப்படியிருக்க வழிகாட்டி எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

முதல் பயணத்தில் எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. பதினான்கு பேர் கொண்ட குழு. ஒரே நாளில் நான்கு நிலவறைகளில் ஒயின் சுவைக்க வேண்டும் என்பதால் வேறெங்கும் நிற்கவில்லை. என் சைக்கிளின் பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொன்னதற்கு, மெதுவாக இறங்குங்கள் என்றார்கள். அறுவடைக் காலம் அது. வரிசைகளுக்குள் குனிந்து கொத்துகளை நறுக்கிக்கொண்டிருந்தவர்களை நின்று பார்க்கக்கூட நேரம் தரவில்லை. அந்த நிறுவனத்திடம் மறுபடி போகவில்லை.

2019 மார்ச்சில், சுற்றுலாக் கூட்டம் சேர்வதற்கு முன்பாகவே போனேன். வழிகாட்டி முன்பு தோட்ட வேலை செய்தவர். நாங்கள் நான்கே பேர். பொமார் ஊரில் சைக்கிள்களைக் கற்சுவரில் சாய்க்கச் சொல்லிவிட்டு, ஒரு பிடி மண்ணை அள்ளிக் காட்டினார். இரும்பு கலந்து சிவந்த களிமண். அடுத்த ஊரான வொல்னேயில் அள்ளியதில் சுண்ணாம்புக் கல் கூடுதல். இரண்டு ஊரிலும் விளைவது ஒரே பினோ நுவார் திராட்சைதான். மாலையில் அடுத்தடுத்துச் சுவைத்தபோது பொமார் நாக்கை இறுக்கிப் பிடித்தது. வொல்னே மெல்லப் படர்ந்தது. காலையில் அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்திராவிட்டால் எனக்கு வேறுபாடு பிடிபட்டிருக்காது.

அன்று கவாத்து நடந்துகொண்டிருந்தது. இங்கே பந்தல் கிடையாது. கம்பியில் கட்டிய, இடுப்பளவுக் கொடிகள். வெட்டிய குச்சிகளை, இரும்புப் பீப்பாயைப் பிளந்து செய்த தள்ளுவண்டியில் எரித்தபடியே வரிசை வரிசையாக நகர்ந்தார்கள். அந்தப் புகையின் மணம் எனக்கு எந்த ஒயினையும்விட நன்றாக நினைவிருக்கிறது.

சரிவைப் படிக்கவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். நடுச்சரிவில் நீர் நன்றாக வடிகிறது, காலை வெயிலும் விழுகிறது. மிக உயர்ந்த ஒயின்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. கீழே தட்டையான நிலத்தில் விளைவது எளிய ஒயின். இப்படித் தனித்தனிப் பெயரும் எல்லையும் கொண்ட 1,247 துண்டு நிலங்களை, ‘கிளிமா’க்களை, யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உலகெங்கும் பேசப்படும் மோன்ராஷே கிளிமாவின் பரப்பு சுமார் 8 ஹெக்டேர்தான். பலகையைப் பார்த்துப் போகிறவருக்கு எல்லாமே ஒரே பச்சையாகத் தெரியும்.

2022 மே மாதப் பயணத்தில் மின்சார சைக்கிள் எடுத்தேன். வொல்னே ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் வழிகாட்டி சொல்வதைக் கேட்க முடிந்தது. முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் எடுக்கலாம். வரிசைகளின் மேலே கால் பரப்பி நிற்கும் உயரமான டிராக்டர்கள் எதிரே வந்தால் ஓரம் ஒதுங்குங்கள். பாதை அவர்களுடைய வேலைக்காக ஏற்பட்டது.

சுவைத்த ஒயினைத் துப்புவதற்குக் கூச்சப்பட வேண்டாம். அதற்கென்றே கலம் வைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு பிரான்சில் சைக்கிள் ஓட்டுபவருக்கும் பொருந்தும். நாளுக்கு இரண்டு நிலவறைகளே போதும் என்பது என் அனுபவம். பதிவு செய்யும்முன், குழுவில் எத்தனை பேர், தோட்டத்துக்குள் எத்தனை முறை நிற்பார்கள் என்று கேளுங்கள். எட்டுப் பேருக்கு மேல் என்றால் நான் பதிவு செய்வதில்லை.

அக்டோபரில் இலைகள் மஞ்சளாகிச் சரிவு முழுவதும் பொன்னாக இருந்தது. கொடி பூப்பதை மட்டும் இன்னும் பார்க்கவில்லை. பூத்து ஏறக்குறைய நூறு நாளில் அறுவடை என்பது அங்குள்ளவர்களின் கணக்கு. அடுத்த ஜூனுக்கு அதே பழைய தோட்டத் தொழிலாளியிடம் கேட்டிருக்கிறேன்.