ஊட்டிக்குக் கூட்டாகப் போக: ஒரே வேனா, மூன்று கார்களா?

சென்னையிலிருந்து ஊட்டிக்கு முதியவர்களும் குழந்தைகளுமாக மூன்று குடும்பங்கள், மொத்தம் பன்னிரண்டு பேர், சாலை வழியே சேர்ந்து போவது என்று முடிவானதும் எங்கள் முன் நின்ற கேள்வி ஒன்றுதான்: குடும்பத்துக்கு ஒன்றாக மூன்று சொந்தக் கார்களில் போவதா, ஓட்டுநரோடு ஒரு டெம்போ டிராவலர் வேனை வாடகைக்கு எடுப்பதா? நாங்கள் வேனை எடுத்தோம். மறுபடி போவதானாலும் அதையே எடுப்பேன். இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் வரை போய் அங்கிருந்து வண்டி பிடிப்பது மூன்றாவது வழி என்றாலும், கோடை விடுமுறையில் பன்னிரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் பெர்த் கிடைப்பது அரிது என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

வேனில் எல்லோரும் ஒன்றாக இருக்கலாம், காரில் நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நினைத்த நேரத்தில் கிளம்பலாம். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. செலவைப் பற்றி மட்டும் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் வேன் வாடகை எல்லா ஊரிலிருந்தும் ஒரே மாதிரி கணக்காவதில்லை. வாடகைக்கு விடுபவர்களில் பலர் நாளொன்றுக்கு 250 அல்லது 300 கிலோமீட்டரைக் குறைந்தபட்ச ஓட்டமாக வைத்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள்; ஓட்டுநர் பேட்டா, டோல், பார்க்கிங், சில இடங்களில் மலைப்பாதைக் கட்டணம் ஆகியவை தனி. உளுந்தூர்பேட்டை, சேலம், அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாகச் சென்னையிலிருந்து ஊட்டி ஏறத்தாழ 550 கிலோமீட்டர். போய் வர 1,100, அங்கே சுற்ற இன்னொரு நூறு என்று வைத்துக்கொண்டால், மூன்று நாள் பயணத்தின் குறைந்தபட்சமான 750 அல்லது 900-ஐ எப்படியும் தாண்டிவிடுகிறோம். ஓடிய தூரத்துக்கே பணம் கொடுக்கிறோம். இதே வேனைக் கோயம்புத்தூரிலிருந்து எடுத்தால் கதை வேறு: போக வரவும் சுற்றவும் சேர்த்து 300 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு மூன்று நாள் குறைந்தபட்சத்தையும் கட்ட நேரிடும். ஆகவே கொங்குப் பகுதியிலிருந்து கிளம்புகிறவர்களுக்குச் செலவுக் கணக்கில் சொந்தக் கார்தான் வெல்லும். எங்கிருந்து கிளம்பினாலும், கிலோமீட்டர் கணக்கு நம் வீட்டு வாசலில் தொடங்குகிறதா, அவர்களுடைய ஷெட்டிலிருந்தா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

இ-பாஸ் விஷயத்திலும் வேனுக்கே வசதி அதிகம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற்றே நுழைய வேண்டியிருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்ச வரம்பும் வந்தது. மூன்று கார் என்றால் மூன்று பாஸ். அவற்றில் ஒன்று கிடைக்காமல் போனாலும் மொத்தத் திட்டமும் கலையும். வேனுக்கு ஒன்று போதும். ஆனால் பாஸ் வண்டி எண்ணின் பேரில் வருவது. வாடகைக்கு விடுபவர் கடைசி நேரத்தில் வேறு வண்டியை அனுப்பினால் அது செல்லாது என்பதால், எண்ணை முன்கூட்டியே உறுதிசெய்து கொள்வது அவசியம்.

இவையெல்லாம் சிறியவை. என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: மலையிலிருந்து வண்டியை இறக்கப் போவது யார்?

ஏறும்போது வண்டிதான் திணறும். பழகாத ஓட்டுநர் மெதுவாகவேனும் ஏற்றிவிடுவார். இறக்கம் அப்படியல்ல. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850, மேட்டுப்பாளையம் 300-ஐச் சற்றுத் தாண்டும். அதாவது குன்னூரிலிருந்து முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 1,500 மீட்டர் கீழே வருகிறோம். வழியில் எண் பலகை வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டு பேரையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்த வண்டியை இவ்வளவு உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால், இறங்கும் வண்டியின் ஆற்றல் முழுவதும் பிரேக் டிஸ்க்கிலும் அதை அழுத்திப் பிடிக்கும் லைனிங்கிலும் வெப்பமாக மாறும். சூடு அளவை மீறும்போது லைனிங்கின் பிடி தளரும். பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்து ஆவியாகி, பெடல் மிதிக்க மிதிக்க உள்ளே போகுமே தவிர வண்டி நிற்காது. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவதும், இன்ஜினை அணைத்து உருட்டுவதும் இதைவிட ஆபத்தானவை; இன்ஜின் அணைந்தால் பிரேக் பூஸ்டரின் உதவியும் பவர் ஸ்டீயரிங்கும் கூடவே போய்விடும்.

இதற்கு மாற்று எல்லா மலை ஓட்டுநர்களும் கடைப்பிடிக்கும் ஒன்றுதான்: எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது. எங்கள் ஓட்டுநர் வழியிலுள்ள பர்லியாறு வரை பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே வந்தார். இன்ஜின் இரைந்துகொண்டே வண்டியைப் பிடித்து வைத்திருக்க, வளைவுக்குச் சற்று முன்பு மட்டும் பிரேக்கை ஒரு தடவை அழுத்தமாக மிதித்துவிட்டுக் காலை எடுத்துவிடுவார். கீழிருந்து பேருந்து வருவது தெரிந்தால் வளைவுக்கு மேலேயே ஒதுங்கி நின்று, அது அகலமாகத் திரும்பி ஏறிப்போகும் வரை பொறுத்திருப்பார். ஏறும் வண்டிக்கே முதல் வழி என்ற மலைச்சாலை விதியை அவருக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. அதே சாலையில் எங்களுக்கு முன்னால் போன ஒரு காரின் பிரேக் விளக்கு வளைவுக்கு வளைவு அணையாமல் எரிந்துகொண்டே போயிற்று. பிறகு அந்தக் காரைச் சாலையோரத்தில் பார்த்தோம். முன் சக்கரத்திலிருந்து லேசாகப் புகை வர, தீய்ந்த நாற்றம் வேனுக்குள் வரை வீசியது. ஒருவர் பாட்டிலில் தண்ணீரோடு குனிந்துகொண்டிருந்தார். எங்கள் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தானாக ஆறட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மூன்று கார்களில் போவதானால் இந்தப் பக்குவம் மூன்று பேருக்கு வேண்டும். நகரத்தில் நன்றாக ஓட்டுகிறவர்கள் பலர் உண்டு. மலையில் கியர் பிடித்து இறக்கத் தெரிந்தவர்கள் ஒரு குழுவில் மூன்று பேர் அமைவது கடினம். ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் வழக்கமான ஓட்ட நிலையான ‘டி’யில் போட்டபடியே பிரேக்கில் கால் வைத்து இறங்குவதை அடிக்கடி பார்க்கிறேன், அவற்றிலும் பெரும்பாலும் தாழ்ந்த கியருக்கான ‘எல்’ அல்லது மேனுவல் நிலை இருக்கிறது, அதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மின்சாரக் காரில் நான் மலை இறங்கியதில்லை. இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து பேட்டரியில் மின்சாரம் ஏற்றும் என்பதால் அது எளிதாக இருக்கக்கூடும் என்பதற்கு மேல் அனுபவத்தோடு சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

வேன் என்றால் நாம் விசாரித்துத் தேர்ந்துகொள்ள வேண்டியவர் ஒரே ஒருவர். வண்டி எந்த வருட மாடல், ஏசி உண்டா என்று கேட்பவர்கள், ஓட்டுநர் குன்னூர் சாலையில் கடைசியாக எப்போது போனார் என்று கேட்பதில்லை. நான் முதலில் கேட்டது அதைத்தான். ஆனால் தேர்ந்த ஓட்டுநராக இருந்தாலும் தூக்கம் கெட்டவர் மலைக்கு உதவ மாட்டார். இரவெல்லாம் சென்னையிலிருந்து ஓட்டிவந்த மனிதர் விடிகாலையில் கல்லாறு தாண்டி மலையேறுவதுதான் இந்தப் பயணத்தின் வழக்கமான நடைமுறை, அது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாதது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று வகுத்தது. 550 கிலோமீட்டரை ஒரே ஆள் எட்டு மணி நேரத்தில் முடிக்க முடியாது. இரண்டாவது ஓட்டுநரைக் கேளுங்கள், அல்லது நாங்கள் செய்ததுபோல் பகலில் கிளம்பி, வழியில் ஓரிரவு தங்கி, மறுநாள் காலையில் மலையேறுங்கள்.

வேனுக்குக் குறைகளும் உண்டு. கடைசி வரிசை பின்சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதால் வளைவுகளில் அதிகமாக ஆடும். வாந்தி வரக்கூடியவர்களை முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். ஊட்டியில் செங்குத்தான சந்துகளின் முடிவில் இருக்கும் காட்டேஜ்களுக்கு வேன் போகாது. எங்களுக்கும் கடைசித் தூரம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு அது சிரமம்தான், ஆகவே அறை பதியும்போதே வேன் வாசல்வரை வருமா என்று கேட்க வேண்டும். மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் தாவரவியல் பூங்கா பக்கம் காருக்கே இடம் கிடைப்பது கடினம், வேனுக்கு இன்னும் கடினம்; இறக்கிவிட்டு, திரும்பும்போது போன் செய்து வரவழைப்பதே நடைமுறை.

ஆறேழு பேர் மட்டும் போகிறீர்கள், அதில் ஒருவர் மலைச்சாலையில் நன்கு பழகியவர் என்றால் ஒரே ஏழு இருக்கைக் கார் போதும், வேன் தேவையில்லை. ஒரு குடும்பம் மட்டும் அங்கிருந்து மசினகுடி, மைசூரு என்று தனியே தொடர நினைத்தாலும் காரே சரி. மற்றபடி எட்டுப் பேருக்கு மேல், அதுவும் பெரியவர்களோடு போகிற குழுவுக்கு நான் வேனையே சொல்வேன். அறைகளைப் பதியும்போது ஓட்டுநருக்கும் கட்டிலும் கம்பளியும் உள்ள ஓர் இடத்தைச் சேர்த்தே பதிந்துவிடுங்கள். பல விடுதிகளில் கேட்டால்தான் அது கிடைக்கிறது, கேட்காவிட்டால் அவர் ஊட்டிக் குளிரில் வண்டிக்குள்ளேயே படுத்துவிட்டு மறுநாள் உங்களை இறக்க வருவார்.