சீனித்துளசிக்கு நொதி: ஈ. கோலையா, பேசிலஸா?

சீனித்துளசி இலையின் இனிப்புப் பொருளான ஸ்டீவியோசைடு இனிக்கும், பிறகு கசக்கும். அந்தக் கசப்பைக் குறைக்க மாவுச்சத்திலிருந்து குளுக்கோஸை எடுத்து அதில் ஒட்டுகிறது சிஜிடிஏஸ் நொதி. பெங்களூரின் தொழிற்பேட்டைகளான பீன்யாவிலோ பொம்மசந்திராவிலோ சிறு ஆலை போட்டு இந்த நொதியைத் தயாரிக்க நினைப்பவர்களுக்கு, அதன் மரபணுவை ஏற்றி வளர்க்க என் பரிந்துரை பேசிலஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாதான்.

ஈ. கோலை பாக்டீரியா வேகமாக வளரும், மரபணுவை ஏற்றும் குளோனிங் வேலையும் சுலபம். ஆய்வு மேசைக்கு அது போதும்.

வித்தியாசம் தெரிவது அறுவடையில். ஈ. கோலையின் பிஎல்21 ரகத்தில், நொதி உற்பத்தியை முடுக்கிவிடும் ஐபிடிஜி என்ற வேதிப்பொருளை 37 டிகிரியில் போட்டால் நொதியில் பெரும்பகுதி மடிப்புக் கெட்டு, செல்லுக்குள் கட்டியாகப் படிந்துவிடும். 18 டிகிரிக்கு இறக்கி, ஐபிடிஜியை 0.1 மில்லிமோலாராக்கினால் கரைந்த நொதி கூடும். ஆனால் இரவெல்லாம் சில்லர் ஓட வேண்டும். பெங்களூர்க் குளிர் அதற்குப் போதாது. அடுத்து ஹோமோஜினைசரில் செல்லை உடைக்க வேண்டும். வெளிவரும் டிஎன்ஏ கரைசலைக் கொழகொழப்பாக்கி வடிகட்டியை அடைக்கும். நொதியைப் பெரிபிளாசத்துக்கு, அதாவது செல்லின் இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட இடத்துக்கு அனுப்பி, கிளைசின் சேர்த்துக் கசியவிடலாம். கிளைசின் கூடினால் வளர்ச்சியே படுத்துவிடும்.

பேசிலஸ் நொதியை வெளியே விடுகிறது. செல்லை சென்ட்ரிஃப்யூஜில் ஒதுக்கி, தெளிந்த நீரை 30 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) மெம்பிரேனில் சுண்டவைத்தால் போதும். நொதி சுமார் 75 கிலோடால்டன், தங்கிவிடும். அதற்குக் கால்சியம் தேவை என்பதால், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கூடாது, பாஸ்பேட் பஃபரும் வேண்டாம்.

தொல்லை இல்லாமல் இல்லை. பேசிலஸின் புரோட்டியேஸ்கள், அதாவது புரதத்தை வெட்டும் நொதிகள், நம் நொதியைத் தின்னும். அவற்றில் எட்டை நீக்கிய டபிள்யூபி800 என்ற பேசிலஸ் ரகம் உதவும். நொதியை வெளியே அனுப்பும் முகவரிச்சீட்டு போன்ற சிக்னல் பெப்டைடுகளில் எது ஒத்துவரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஐந்தாறைச் சோதித்தே ஆக வேண்டும். பேசிலஸின் சொந்த அமைலேஸ் நம் மாவுச்சத்தை வெட்டிவிடும். அதற்கு, அந்த அமை-ஈ மரபணு இருக்கும் இடத்திலேயே சிஜிடிஏஸ் மரபணுவைச் செருகுங்கள். அமைலேஸ் ஒழியும், மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட்டைக் காப்பாற்ற ஆன்டிபயாடிக் ஊற்றவும் வேண்டாம்: ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஒரே பிரதி என்பதால் விளைச்சல் சற்றுக் குறையலாம். செருகியதை ஸ்டார்ச் தட்டில் அயோடின் விட்டுச் சோதித்தால் ஏமாறுவீர்கள், ஏனெனில் அமைலேஸ் தரும் அதே வெளுத்த வளையத்தை சிஜிடிஏஸும் தரும். டிஎன்ஏவையே பார்க்கும் பிசிஆர் சோதனை செய்யுங்கள்.

நுரை இன்னொரு தலைவலி. நுரையடக்கியை அதிகம் ஊற்றினால் மெம்பிரேன் அடையும். இங்கே சொன்னதெல்லாம் சிறு ஃபெர்மென்டர் கணக்கு. ஆயிரம் லிட்டர் தொட்டியில் நுரை வேறு மாதிரி நடந்துகொள்ளலாம்.

சீனித்துளசியின் இன்னொரு இனிப்பான ரெபாடியோசைடு-எம் தயாரிக்க யூஜிடி76ஜி1 என்ற நொதி வேண்டுமென்றால் கதை வேறு. செடியின் செல்லுக்குள் இருக்கும் நொதி அது, வெளியே அனுப்பத் தோதானதல்ல. அதற்குக் குளுக்கோஸ் தரும் விலையுயர்ந்த யூடிபி-குளுக்கோஸை மீட்க சுக்ரோஸ் சின்தேஸ் என்ற நொதியும் கூடவே தேவை. அங்கே ஈ. கோலையையே எடுங்கள்.