நியூஸ் 2 ஸ்கோர்: வார்டில் நாள்பட்ட பயன்பாட்டில் தெரிய வருபவை

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய ஸ்கோர் இது (நேஷனல் எர்லி வார்னிங் ஸ்கோர்); நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும். மூச்சு எண்ணிக்கை, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்), ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறதா, சிஸ்டாலிக் பிரஷர் (ரத்த அழுத்தத்தின் மேல் எண்), பல்ஸ், சுயநினைவு, உடல் சூடு என்று ஏழே விஷயம். இயல்பை விட்டு விலக விலகப் புள்ளி ஏறும், அவற்றின் கூட்டல்தான் ஸ்கோர். ரத்தப் பரிசோதனை வேண்டியதில்லை. காகித சார்ட்டில் கூட்டல் பிசகும். டேப்லெட் கணினி வந்தால் அந்தத் தொல்லை தீர்ந்துவிடும். தீராத தொல்லை, எண்ணாமலே எழுதப்படும் மூச்சு.

குத்துமதிப்பாக 18 என்று போட்டுவிட்டுப் போவது எல்லா வார்டிலும் நடக்கிறது. பல்ஸ் 108, சூடு 38.4 டிகிரி செல்சியஸ், பிரஷர் 104, ஆக்சிஜன் இல்லாமல் சாச்சுரேஷன் 95 என்றால் தலைக்கு 1 வீதம் 4. மூச்சு 18 என்றால் 4-லேயே நிற்கும். அடுத்து பார்ப்பது 4 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான். நிமிடம் முழுக்க எண்ணி 26 வந்தால் 3 கூடி 7 ஆகிவிடும், அவசரக் குழுவை அழைக்க வேண்டிய நிலை. 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவதிலும் வினை இருக்கிறது: ஒரு மூச்சு தவறினால் 24 என்பது 20 ஆகி, 2 புள்ளி காணாமல் போகும். பல்ஸ் பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்தபடி நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறும்.

அடுத்த சிக்கல், சாச்சுரேஷனுக்கான இரண்டாவது அளவுகோல். உடலில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிக்கு இலக்கு 88 முதல் 92. அவர் 2 லிட்டர் ஆக்சிஜனில் 90 காட்டினால், முதல் அளவுகோலில் சாச்சுரேஷனுக்கு 3, ஆக்சிஜனுக்கு 2, ஆக 5. பதறி ஆக்சிஜனைக் கூட்டினால் கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்கத்தில் முடியலாம். இரண்டாவதில் அதே ஆளுக்கு 2 மட்டுமே. அதற்காக இழுப்பு வருகிற எல்லோரையும் அதில் தள்ளிவிடக் கூடாது. ரத்த வாயுப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் முடிவெடுத்து, சார்ட்டில் எழுதியிருக்க வேண்டும்.

புதிதாக வந்த குழப்பத்துக்கு 3 புள்ளி. இது 2017-இல் சேர்ந்தது, அடிக்கடி விடுபடுவதும் இதுதான். "வயசாச்சு, அப்படித்தான் பேசுவார்" என்று விடாமல், "நேத்து இப்படிப் பேசினாரா?" என்று வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

சிறுநீர் குறைவதை இந்த ஸ்கோர் பார்ப்பதே இல்லை. பல்ஸைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவரின் பல்ஸ் ஏறாமல் ஏமாற்றும். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தாது. மூன்றே கேள்வி கொண்ட கியூசோஃபா என்ற இன்னொரு ஸ்கோர் இதைவிடச் சுலபம்தான், ஆனால் தாமதமாகத்தான் விழிக்கும். செப்சிஸை (நோய்த்தொற்றால் உறுப்புகள் பழுதாகும் ஆபத்தான நிலை) கண்டுபிடிக்க அதை மட்டும் நம்ப வேண்டாம் என்று 2021 சர்வதேச வழிகாட்டுதலே சொல்லிவிட்டது.

டியூட்டி டாக்டரிடம் போனில் "ஸ்கோர் 7" என்று மட்டும் சொன்னால் ஒன்றும் பிடிபடாது. "மூச்சு 26, போன முறை 18, ஸ்கோர் 4-லிருந்து 7" என்று சொன்னால் பேச்சு நேராக நோயாளிக்கு வரும். மொத்தமே 3 என்றாலும், அது ஒரே அளவீட்டில் விழுந்த 3 என்றால் மணிக்கொரு முறை பார்த்தாக வேண்டும்.