மகளோடு இரண்டு நாள் புதுச்சேரி: மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு பயணச் சேவை எப்படி இருந்தது

கடலூர் திருப்பாப்புலியூரில் 31 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகள் கயலுக்கு 24 வயது. பிறவியிலேயே பெருமூளை வாதம், கூடவே வலிப்பும் உண்டு. தலை தானாக நிற்காது, பேச்சு வராது, சாப்பாட்டை மசித்துத்தான் கொடுக்க வேண்டும். எடை 38 கிலோ. பத்து வயது வரை தோளில் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போனோம். அதற்குப் பிறகு வெளியூர் என்றால் ஆஸ்பத்திரி மட்டும்தான்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு முறை துணிந்தோம். புதுச்சேரியில் ஒரு விடுதிக்குப் போன் செய்து, வீல்சேர் வரும் என்று சொல்லி, "லிஃப்ட் இருக்கு, தாராளமா வாங்க" என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு போனோம். லிஃப்ட் இருந்தது. அதற்கு முன்னால் ஐந்து படியும் இருந்தது. நான்கு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்கியபோது பயத்தில் உடம்பு விறைத்து, கத்தித் தீர்த்துவிட்டாள். அன்று இரவே வீடு திரும்பினோம். இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

இந்தப் பொங்கல் கழிந்த வாரம் மறுபடி போனதற்குக் காரணம் ஒரு போன்தான். புதுச்சேரியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணும் அவர் கணவரும் மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்துகிற சின்னப் பயணச் சேவை இது. விலை விசாரிக்கத்தான் கூப்பிட்டேன். அந்தப் பெண் விலையைப் பிறகு சொல்கிறேன் என்று, முக்கால் மணி நேரம் கயலைப் பற்றியே கேட்டார். தண்ணீர் எந்தப் பதத்தில் குடிப்பாள், எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பீர்கள், வலிப்பு வந்தால் எத்தனை நிமிடம் நீடிக்கும், மூக்கில் அடிக்கும் ஸ்பிரே கொடுத்திருக்கிறார்களா, எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவாள். கடைசியாக ஒன்று கேட்டார்: "அவளுக்கு வலிச்சா எப்படிக் காட்டுவா?" இத்தனை வருடத்தில் இதை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. போனை மனைவியிடம் கொடுத்தேன். "கீழுதட்டை உள்ள இழுத்துக்குவாம்மா, அவ்வளவுதான், அழமாட்டா" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் மாறிவிட்டது.

விலை: எங்கள் மூவருக்கும் இரண்டு பகல் ஓர் இரவு, வண்டி, அறை, சாப்பாடு, இரண்டு உதவியாளர்கள் எல்லாம் சேர்த்து 16,000 ரூபாய். லைனிங் பிளவுஸ் ஒன்று தைக்க 350 வாங்குகிறேன். 46 பிளவுஸ் தைக்க வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய தொகைதான், அதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் உதவியாளர்கள் இருவரும் பெண்கள், மகளுக்கு உடை மாற்றும்போது என் மனைவி அறையில் இருப்பாள் என்பதையெல்லாம் நான் கேட்கும் முன்பே அவர்களே சொன்னார்கள். பெண் பிள்ளையைப் பெற்றவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலை வண்டி வாசலுக்கே வந்தது. பின்பக்கம் சாய்பலகை இறங்குகிறது, கயல் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி உள்ளே போனாள். தரையில் நான்கு கொக்கி, நான்கு மூலையிலும் பட்டை போட்டு நாற்காலியை இறுக்கினார்கள். ஆளுக்குத் தனி பெல்ட். கட்டிலுக்கு மாற்றும்போது தூக்குகிற துணியையும் எடுத்துக் காட்டச் சொன்னேன். தையல்காரன் கண் அங்கேதான் போகும். கைப்பிடி சேரும் இடத்தில் ஒற்றைத் தையலோடு விடாமல், பெட்டி போட்டுக் குறுக்கேயும் ஓட்டியிருந்தார்கள். நூல் பிரியவில்லை, ஓரம் நைந்து போகவில்லை. சரி, இதில் நம்பிக் கொடுக்கலாம் என்று மனசு ஆறியது.

ஆல்பேட்டை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் ஏறி, முள்ளோடை வழியாகப் போனோம். பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அவள் உடம்பு தூக்கிப்போடும் என்று சொல்லியிருந்தேன். மூத்த உதவியாளர் செல்வி வழி நெடுகக் கயலின் காது பக்கமாகவே உட்கார்ந்து, எதிரே பஸ் வருவதைப் பார்த்ததும் அவள் காதைப் பொத்தினார்.

முதலில் சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் கடற்கரை. சுத்தமும் பாதுகாப்பும் பார்த்துக் கடற்கரைகளுக்குக் கொடுக்கும் நீலக்கொடிச் சான்றை 2021-ல் வாங்கிய கடற்கரை அது, அந்த வருடம் சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்துக்கும் கிடைத்தது. மாற்றுத்திறனாளிகள் வந்து போகும் வசதியும் அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளில் ஒன்று. 2022 நவம்பரில் மெரினாவில் வீல்சேர் போக மரப்பாதை திறந்ததை டிவியில் பார்த்துவிட்டு, "நம்ம சில்வர் பீச்சுல எப்பங்க போடுவாங்க?" என்று என் மனைவி கேட்டாள். அடுத்த சில நாளில் மாண்டஸ் புயல் அந்தப் பாதையைச் சேதப்படுத்தியபோது, எங்கள் வீட்டுச் சொத்து போனமாதிரி வருத்தப்பட்டாள்.

இவர்களிடம் மணலில் ஓட்டும் நாற்காலியே இருக்கிறது. பலூன் மாதிரி தடித்த சக்கரம், மணலில் புதையாது. அலை வந்து தொடும் இடம் வரை தள்ளிக்கொண்டு போனார்கள். முதல் அலை பட்டதும் கயல் காலை உதறி இழுத்தாள். இரண்டாவதுக்கும் இழுத்தாள். அப்புறம் அலை காலுக்கடியில் மணலை அரித்துக்கொண்டு போனபோது, எப்போதும் உள்ளே மடங்கியே இருக்கும் அவள் கால்விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. சுண்டுவிரல்தான் கடைசி. என் மனைவி குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், புடவை நனைவதுகூடத் தெரியாமல்.

பத்து நிமிடம் இருக்கும். செல்வி திடீரென்று தள்ளுவதை நிறுத்தி, "அம்மா, உதட்டை உள்ள இழுக்கிறா" என்றார். பெற்றவர்கள் நாங்கள் இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம், கவனிக்கவில்லை. சட்டையை விலக்கிப் பார்த்தால், நாற்காலி பெல்ட்டின் நைலான் ஓரம் விலாவில் அழுத்திச் சிவப்பாகத் தடம் போட்டிருந்தது. உடனே தளர்த்தி, துண்டை மடித்துக் கொடுத்தார்கள். அன்று போனில் கேட்ட அந்த ஒரு கேள்விக்கே நான் கொடுத்த காசு தகும்.

சுண்ணாம்பாறு படகுத்துறைக்கும் போக ஆசைப்பட்டோம். முடியாது என்றார்கள். சாதாரண லைஃப் ஜாக்கெட் தலையைத் தாங்காது, துறையிலிருந்து படகுக்கு மாற்றுவதும் கயலுக்குப் பாதுகாப்பில்லை என்று காரணம் சொன்னார்கள். எனக்கு அதில் மரியாதைதான் கூடியது. "தாராளமா வாங்க" என்று சொன்னவர்களிடம் நாங்கள் ஏற்கெனவே பட்டிருக்கிறோம்.

குறை என்று சொன்னால் தங்கிய அறை. அறை வாசல் 34 அங்குலம், தாராளம். கட்டிலும் சரியான உயரம். ஆனால் குளியலறை வாசலில் ஒரு படி. எல்லாம் சமதளம் என்று சொல்லியிருந்தார்கள். இஞ்ச் டேப் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும், அளந்தேன்: ஐந்து அங்குலம். சாய்தளத்துக்கு அரசு விதியில் 1-க்கு 12 என்று கணக்கு. ஐந்து அங்குலம் ஏற ஐந்து அடிப் பலகை வேண்டும். அவர்களிடம் இருந்தது இரண்டடிப் பலகை. அதில் ஏற்றினால் நாற்காலி பின்னால் சாய்கிறது, ஒருவர் முன்னால் இழுத்து ஒருவர் பின்னால் தாங்க வேண்டியிருந்தது. சொன்னதும் மழுப்பாமல் ஒத்துக்கொண்டார்கள், அறையைப் பார்த்தவர் படியைக் கவனிக்கவில்லையாம். அடுத்து போகிறவர்கள் அங்குலக் கணக்கிலேயே கேளுங்கள். "வசதியா இருக்குமா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

சாயங்காலம் கடற்கரைச் சாலை. ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டிகளை விடுவதில்லை என்பதால், நடைமேடை ஏறாமல் தார்ச் சாலையிலேயே நாற்காலி வழுக்கிக்கொண்டு போகிறது. 1836-ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் வரை தள்ளினோம். காந்தி சிலைக்கு முன்னால் ஓர் அம்மா கயலின் மடியில் பத்து ரூபாயை வைத்துவிட்டார். எனக்கு வாய் வரவில்லை. செல்விதான் நோட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, "அம்மா, அவங்க ஊர் சுத்திப் பார்க்க வந்திருக்காங்க" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அந்த அம்மாவும் கயல் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

மணக்குள விநாயகர் கோயிலுக்குக் கூட்டம் பார்த்துப் போகவில்லை. சின்ன வயதில் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதெல்லாம் அந்தக் கோயில் யானை லட்சுமி கயல் தலையில் தும்பிக்கை வைக்கும், சிரிப்பாள். 2022-ல் லட்சுமி இறந்ததைக் கயலுக்கு எப்படிச் சொல்வது என்று இன்னமும் தெரியவில்லை.

இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கயலைப் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். இத்தனை வருடமும் என் மனைவிதான் செய்கிறாள். அன்று செல்வி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியும் பழக்கத்தில் மூன்று மணிக்கு எழுந்து போனாள். அதற்குள் புரட்டி, முழங்கால்களுக்கு நடுவில் தலையணையும் வைத்தாகிவிட்டது. திரும்பி வந்து படுத்தவள் ஆறே முக்கால் வரை தூங்கினாள். கல்யாணமாகி 27 வருடத்தில் அவள் சூரியன் வந்த பிறகு எழுந்து நான் பார்த்தது அன்றுதான்.

காலையில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், நன்றாக மசித்து. ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும் என்று சொன்னதை இளைய உதவியாளரும் அப்படியே செய்தார்.

கவனிக்க வேண்டியது ஒன்று. இவர்களிடம் நர்ஸ் கிடையாது, பயிற்சி பெற்ற உதவியாளர்கள்தான். குழாய் வழியாக உணவு, ஆக்சிஜன் என்று தேவைப்படுகிறவர்கள் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது, நாங்கள் தங்கியது ஊருக்குத் தெற்கே. அவசரத்துக்குப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். தூரத்திலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு விழுப்புரம் ஜங்ஷன் வசதி. துணை இல்லாமல் பயணிக்க முடியாதவர்களுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் படுக்கை வகுப்பில் 75 சதவீதச் சலுகை உண்டு.

அடுத்த மாதத்துக்கும் சொல்லி வைத்திருக்கிறோம், ஐந்தடிப் பலகை வாங்கிய பிறகு. கடற்கரை நாற்காலியின் பெல்ட்டுக்குப் ஃபிளானல் துணியில் உறை தைத்துத் தருவதாக நானும் சொல்லியிருக்கிறேன். அளவு எடுத்துவிட்டேன்: நீளம் 52 அங்குலம், அகலம் 2.